கூடாரம் வந்தது, கக்கூஸ் வரலையே!

சில ஆயிரம் ரூபாய் இருந்தால் இன்றைக்கு ஒரு நைலான் கூடாரம் வீடு தேடி வந்துவிடும். மடித்தால் ஒரு பைக்குள் அடங்கும். பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனால் எங்கே போவது?

தூத்துக்குடியில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ரொம்பவே நிஜமானது. ஒரு பக்கம் துறைமுகம், ஒரு பக்கம் உப்பளம், நடுவே வரிசை கட்டி நிற்கும் லாரிகள். அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டைப் பார்த்தே ஊருக்குத் திசை சொல்லலாம். இந்த ஊரில் ஆறு நாள் வேலை பார்க்கிறவருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கொஞ்சம் மரம், கொஞ்சம் தண்ணீர், நட்சத்திரம் தெரிகிற மாதிரி கொஞ்சம் இருட்டு வேண்டியிருக்கிறது. இதில் தப்பே கிடையாது.

தப்பு அடுத்த கட்டத்தில் வருகிறது. 'ஒரு மணி நேரத்துல போற மாதிரி குளத்தங்கரையோ காடோ, ராத்திரி தங்க நல்ல இடமாச் சொல்லுங்க அண்ணாச்சி' என்று கேட்டால், வருகிற பதில் எல்லாம் ஒரே ரகம். 'யாருக்குமே தெரியாத ஒரு இடம் இருக்கு. யாரும் கால் வைக்காத இடம்.'

இந்த வாரம் என் சண்டை அந்த 'யாருக்கும் தெரியாத இடத்தோடு'தான்.

யாருக்குத் தெரியாது? பனையேறிக்குத் தெரியும். மடை திறக்கிறவருக்குத் தெரியும். வலை போடுகிற மீனவருக்குத் தெரியும். வெளிமானுக்கும் கடலாமைக்கும் பரம்பரையாகத் தெரியும். உங்களுக்கும் எனக்கும் தெரியாது, அவ்வளவுதான். நமக்குத் தெரியாத இடத்தை யாருக்குமே தெரியாத இடம் என்று சொல்கிற தைரியம் நகரத்துக்காரர்களுக்கு மட்டும் எப்படித்தான் வருகிறதோ!

*

முதலில் தீவுகள். தூத்துக்குடிக் கரையில் நின்று கொண்டு 'படகு பிடிச்சு ஒரு தீவுல போய் ராத்திரி தங்கினா எப்படி இருக்கும்?' என்று ஆசைப்படாதவர் குறைவு.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள் கணக்கில் உண்டு. இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தமிழக அரசு 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-ல் இந்த வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாகவும் ஆனது. தூத்துக்குடியைச் சேர்ந்தவை நான்கு: வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குச்சல்லி.

நான்கு என்று எழுதினேன் அல்லவா? கண்ணால் பார்க்கக் கிடைப்பவை மூன்றுதான். விலாங்குச்சல்லி கடலுக்குள் போய்விட்டது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் அப்படியே. 21 தீவு என்று பாடப்புத்தகம் சொல்லும். கடல் 19 என்று சொல்லும்.

எப்படிப் போயின? இவை மலைமுகடு போலக் கடலடியிலிருந்து எழுந்த பாறைத் தீவுகள் அல்ல. பவளப்பாறைத் துண்டும் மணலும் அலையால் குவிந்து, அதன்மேல் புல்லும் புதரும் வேர்பிடித்து நிற்கிற திட்டுகள். சுற்றியுள்ள பவளப்பாறைதான் அலையின் வேகத்தை உடைத்து இந்த மணலைக் காவல் காக்கிறது. சுண்ணாம்புக்காகவும் கார்பைடு ஆலைக்காகவும் அந்தப் பாறையைப் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தோம். 2001-ல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகும் வெட்டு உடனே நின்றுவிடவில்லை. காவல்காரனைக் கொன்றுவிட்டுக் கதவு உடைந்துவிட்டதே என்று அழுகிற கதை. வான் தீவும் தேய்ந்து தேய்ந்து முழுகிவிடும் நிலைக்கு வந்த பிறகு, 2015 வாக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கான செயற்கைத் திட்டுகளைச் செய்து அதன் எதிரே கடலில் இறக்கி அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இப்படி ஆஸ்பத்திரியில் கிடக்கிற தீவில்தான் நாம் முளைக்குச்சி அடிக்கப் போகிறோம். அடுப்புக்கு அங்கே இருக்கிற புதரைத்தான் ஒடிக்க வேண்டும். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் புதர். ராத்திரி வெளிச்சம் போட்டால், தை மாசியில் முட்டையிட வரும் பங்குனி ஆமை மிரண்டு திரும்பிப் போகும். குஞ்சு பொரித்து வெளியே வந்தால், கடல் இருக்கும் பக்கத்தை விட்டு விளக்கு இருக்கும் பக்கம் நகரும். மறுநாள் வெயிலில் காயும்.

இன்னொரு விஷயமும் உண்டு. இந்தத் தீவுகளில் ஒரு காலத்தில் மீனவர்கள் தங்கினார்கள், மீன் காயப்போட்டார்கள், காற்று மாறினால் ஒதுங்கினார்கள். தேசியப் பூங்கா என்று ஆனபிறகு, அனுமதி இல்லாமல் அங்கே கால் வைத்தால் குற்றம். தலைமுறை தலைமுறையாகப் போன மனிதனை வெளியே நிறுத்தியாகிவிட்டது. அதே இடத்தில் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிறவர் ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பணம் கட்டிக் கூடாரம் போட்டால், அதற்கு மட்டும் 'சூழல் சுற்றுலா' என்று பெயரா? தடை என்றால் எல்லோருக்கும் தடையாக இருக்கட்டும். பணம் கட்டினால் உடைகிற தடைக்குப் பெயர் டிக்கெட்.

*

சரி, தீவு வேண்டாம். குளத்தங்கரை?

சென்னைப் பக்கத்து விளம்பரங்களில் 'ஏரிக்கரைக் கேம்ப்' என்று போடுகிறார்கள். எங்கள் பக்கம் ஏரி கிடையாது, எல்லாம் குளம். ஸ்ரீவைகுண்டம்தான் தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு. அங்கிருந்து வடகால், தென்கால் என்று பிரிந்து ஒவ்வொரு குளமாக நிறைத்துக்கொண்டு வரும் தண்ணீர், வடகாலின் கடைக்கோடியில் கோரம்பள்ளம் குளத்தில் வந்து நிற்கிறது. தூத்துக்குடிக்கு மிகப் பக்கத்துக் குளம் இதுதான். கலெக்டர் ஆபீஸே கோரம்பள்ளத்தில்தான் இருக்கிறது.

குளத்தைப் பார்த்தவுடன் நமக்கு 'வியூ' தெரிகிறது. அதற்குள் எத்தனை பேருடைய உரிமை கிடக்கிறது என்பது தெரிவதில்லை. தண்ணீர் ஆயக்கட்டு விவசாயிக்கு. மீன், மீன்பாசி ஏலம் எடுத்தவருக்கு. வற்றினால் உள்வாயில் மேய்ச்சல், ஆடு மாடு வைத்திருப்பவருக்கு. கரை, நீர்வளத்துறையின் பொறுப்பு. இத்தனை பேர் பங்குபோட்டுக்கொள்ளும் இடத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குத்துப்பாட்டுப் போட்டு, பாட்டிலைக் கல்லில் அடித்து உடைத்துவிட்டு, காலையில் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். அந்தக் கண்ணாடிச் சில்லு மடை வழியாக வயலுக்குப் போகிறது. நாற்று நடுகிற பெண் செருப்புப் போட்டுக்கொண்டா வயலில் இறங்குகிறார்?

பறவை பற்றியும் ஒரு வார்த்தை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994-ல் சரணாலயம் ஆனது. அந்த ஊர்க்காரர்கள் அதற்கு முன்பே, கூடு கட்டியிருக்கும் பறவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடுவதை விட்டவர்கள். அரசாங்கம் சொல்லி விட்டது அல்ல. பறவையின் எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். தீபாவளியையே அமைதியாகக் கொண்டாடும் ஊர்கள் இருக்கிற வட்டாரத்தில் ஒரு சனிக்கிழமையை அமைதியாகக் கழிக்க நமக்குக் கசக்கிறதாம்.

உங்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷ மழையை ஒரே நாளில் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நகர முடியாமல் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. குளங்கள் உடைந்தன; கோரம்பள்ளம் குளமும் உடைப்பெடுத்தது. அந்த ராத்திரி ஒரு குளத்தின் உள்வாயில் யாராவது கூடாரம் போட்டிருந்தால்? உடையாத வருஷத்திலும், மறுகாலுக்குக் கீழே படுத்துத் தூங்குகிறவருக்கு, மேலே எங்கே மழை பெய்கிறது என்று யார் வந்து சொல்லுவார்கள்? ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கம் குளத்தங்கரையில் ராத்திரி தங்குவது வீரமே கிடையாது. விவரம் போதாமை.

*

காட்டுக்கு வருவோம்.

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற நெடுஞ்சாலையோரம் வல்லநாடு. 1987-ல் வெளிமான் சரணாலயமாக அறிவித்த சுமார் 16 சதுர கிலோமீட்டர் குன்றும் முள்காடும். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழ்கிற இடங்களில் இதுதான் தென்கோடி. அங்கே பகலில் முறைப்படி போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ராத்திரி அடுப்பு மூட்டுகிற எண்ணத்தோடு வேண்டாம். தெற்குப் பக்கம் குதிரைமொழித் தேரி. செம்மண் மேடும் பனையும் முந்திரியும் புகைப்படத்தில் வேறு கிரகம் மாதிரி இருக்கும். பதநீர்க் காலத்தில் விடியுமுன்பே பனையேறிகள் வந்துவிடுகிற வேலைத்தலம் அது. கீழே கிடப்பதெல்லாம் காய்ந்த ஓலை. காற்று வீசுகிற மாதங்களில் அங்கே ஒரு 'கேம்ப் ஃபயர்' போட்டுப் பாருங்கள் என்று சொல்லமாட்டேன். போட்டுப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

நெருப்பு என்ன செய்யும் என்று தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி. கோடைத் தொடக்கம், காய்ந்த புல், செங்குத்தான சரிவு. மலையேறிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், வார விடுமுறைக்குப் பசுமை பார்க்க வந்தவர்கள். அதன்பிறகுதான் அந்த வருஷமே மலையேற்றத்துக்கு விதிமுறை வந்தது. எந்தப் பாதை, என்ன அனுமதி, யார் வழிகாட்டி, எந்த மாதத்தில் கூடாது என்று எழுதிவைத்தார்கள். 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, உள்ளூர் இளைஞர்களையே வழிகாட்டிகளாக வைத்து, முன்பதிவோடு அரசே நடத்தத் தொடங்கியது.

ஆக, அரசு நினைத்தால் முடிகிறது. நினைப்பதற்கு முன்னால் சாவு விழ வேண்டியிருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

*

இந்த இடத்தில் நீங்கள் என்னைக் கேட்க வேண்டும். 'தீவும் வேண்டாம், குளமும் வேண்டாம், காடும் வேண்டாம் என்றால் வீட்டிலேயே டிவி பார்த்துக்கொண்டு கிடக்கச் சொல்கிறீரா?'

இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் இந்தக் கூத்து நடக்கிறது. காசு உள்ளவருக்குக் கொடைக்கானலில் காட்டேஜ் இருக்கிறது. ஆட்டோ ஓட்டுகிறவர், உப்பளத்தில் வாருகிறவர், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற பெண் ஆகியோருக்கு மரத்தடியில் ஒரு ராத்திரி என்பது எங்கே இருக்கிறது? போகக் கூடாத இடங்களின் பட்டியலை மட்டும் அரசாங்கம் கொடுக்கும். போகக்கூடிய இடம் ஒன்றைச் செய்து கொடுக்காது. சட்டப்படி ஒரு இடம் இல்லாத ஊரில், திருட்டுத்தனமாக நூறு இடம் முளைக்கும்.

நாம் ஏங்கிப் பார்க்கிற வெளிநாட்டுப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நீல ஏரி, பைன் மரம், ஆரஞ்சு நிறக் கூடாரம். படத்தில் தெரியாத சில விஷயங்கள் அதில் உண்டு. அந்தக் கூடாரம் பெரும்பாலும் பூங்காத் துறை நம்பர் போட்டு ஒதுக்கிய இடத்தில் நிற்கிறது. நெருப்புக்கு இரும்பு வளையம் பதித்திருக்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் குழாய், கழிப்பறை, குப்பைத் தொட்டி. ராத்திரி பத்து மணிக்கு மேல் சத்தம் போட்டால் காவலர் வருவார். தண்ணீரிலிருந்து 200 அடியாவது தள்ளித்தான் முகாம் போட வேண்டும் என்பது மலையேறிகள் மத்தியில் பால பாடம். நாம் கூடாரத்தை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். கக்கூஸை அங்கேயே விட்டுவிட்டோம்.

இது வெள்ளைக்காரன் நாகரிகம், நமக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு இந்தக் கடற்கரையின் பழைய கதையைச் சொல்லுங்கள். கூடாரம் போட்டுத் தங்குவது முத்துக்குளித்துறைக்குப் புதுசே அல்ல. இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்கு முன்னால் நூற்றாண்டுகளாக, சிப்பி விளைந்த பார் எதுவோ அதற்குப் பக்கத்துக் கரையில் முகாம் விழும். குளியாட்கள், படகுக்காரர்கள், வியாபாரிகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று வெறும் மணலில் திடீரென்று ஒரு ஊர் எழும்பும். இலங்கைக் கரையில் மறிச்சுக்கட்டியில் 1905-ல் எழும்பிய ஊரில் பல்லாயிரம் பேர் இருந்தார்கள். தெரு, ஆஸ்பத்திரி, கோர்ட்டு, தபாலாபீஸ், சிறைச்சாலை எல்லாம் உண்டு. குளிப்பு முடிந்தால் ஊரும் முடிந்தது; மறுபடி மணல்.

சிப்பி மலைமலையாக அழுகுகிற நாற்றத்துக்கு நடுவே, அத்தனை பேர் தங்குகிற இடத்தில் தண்ணீர் கெட்டால் என்ன ஆகும்? காலரா வந்து முத்துக்குளிப்பையே பாதியில் நிறுத்திய வருஷங்கள் உண்டு. அதனால் கிணறும் மருத்துவமும் சுகாதாரமும் முகாமின் கணக்கில் சேர்ந்தன. மக்கள் மேல் அன்பினால் அல்ல; முத்து வரும்படி நின்றுவிடுமே என்று. வரும்படிக்காக வந்த அரசாங்கத்துக்கு நூறு வருஷத்துக்கு முன்னால் புரிந்தது, நாம் ஓட்டுப் போட்டு வைத்திருக்கும் அரசாங்கத்துக்கு ஏன் புரியக் கூடாது?

*

என் கோரிக்கை சின்னது. தூத்துக்குடிக்கு ஒரு பொது முகாம் திடல் வேண்டும். புது இடத்தை அழித்து அல்ல. ஏற்கெனவே மனிதக் கால் பட்ட இடத்தில்.

உதாரணத்துக்கு, முயல் தீவு. மண்டபத்துப் பக்கம் தேசியப் பூங்காவில் இருக்கிற முயல் தீவைச் சொல்லவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தோடு ஒட்டி, இன்றைக்குப் பெயரில் மட்டும் தீவாக இருக்கிற முயல் தீவு. காணும் பொங்கலுக்குக் குடும்பம் குடும்பமாகச் சோற்றுச் சட்டியோடு ஜனங்கள் போகிற இடம் அது. ரோடு இருக்கிறது, கூட்டம் பழகிய மணல் இருக்கிறது. துறைமுகத்தின் பாதுகாப்புக்கு இடைஞ்சல் என்று ராத்திரித் தங்கலுக்கு மறுத்தால், நியாயம்தான். அப்படியானால் மாநகராட்சி வேறு இடம் காட்டட்டும். கோரம்பள்ளம் குளத்தின் கரைக்கு வெளிப்புறம், தண்ணீரும் மறுகாலும் தொடாத மேட்டு நிலத்தில் ஒரு துண்டு இல்லாமலா போகும்?

அங்கே என்ன வேண்டும்? வரிசையாக நம்பர் போட்ட இருபது முப்பது இடம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, தண்ணீர் வருகிற கழிப்பறை. குடிதண்ணீர்க் குழாய். ராத்திரிக் காவலுக்கு ஆட்கள், அதில் ஒரு பெண் கட்டாயம். நெருப்புக்கு ஒரே ஒரு பொது இடம். கண்ணாடிப் பாட்டிலுக்கு வாசலிலேயே தடை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பூட்டு. கட்டணம் ஒரு குடும்பம் சினிமா பார்க்கிற செலவைத் தாண்டக் கூடாது. ஸ்டார் ஓட்டல் வேண்டாம், கண்ணாடிப் பாலம் வேண்டாம், மந்திரி படம் போட்ட வளைவு சத்தியமாக வேண்டாம்.

அது வருகிற வரைக்கும் இடம் தேர்ந்தெடுக்கிற பொறுப்பு உங்களுடையது. யாராவது ஒரு இடத்தைச் சொன்னால், 'வியூ எப்படி?' என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் இந்த நான்கைக் கேளுங்கள்.

இந்த இடம் யாருடையது, அவரிடம் கேட்டாயிற்றா? கூட வருகிற பெண்கள் காலையில் எங்கே போவார்கள்? ராத்திரி இரண்டு மணிக்குப் பாம்பு கடித்தாலோ, மழை பிடித்தாலோ, எந்த வழியாக எத்தனை நிமிஷத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவோம்? நாம் கிளம்பின பிறகு, நம் குப்பையை யார் பொறுக்குவார்கள்?

நான்குக்கும் பதில் வந்தால் கூடாரத்தைக் கட்டுங்கள். சந்தோஷமாகப் போய் வாருங்கள். ஒன்றுக்கு 'பார்த்துக்கலாம்' என்று பதில் வந்தாலும் அந்த வாரம் மொட்டை மாடியில் பாய் விரியுங்கள். தூத்துக்குடியில் கடற்காற்று மொட்டை மாடிக்கும் வரும். அதற்கு யாரிடமும் பெர்மிஷன் வாங்க வேண்டியதில்லை.

அப்படியே, மறுநாள் திங்கட்கிழமை கோரம்பள்ளத்துக்கு ஒரு நடை போங்கள். கேம்ப் போட அல்ல. கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். முகாம் திடல் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.